தானியங்கிப் பணியோட்டத்தில் தமிழ் எழுத்துகள் சிதைவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தண்டையார்பேட்டையில் நாங்கள் நடத்தும் மாலைநேரப் படிப்பகத்துக்காகத் தன்னார்வலர்கள் காசிமேடு, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி பகுதிகளில் வீடு வீடாகச் சென்று, பிள்ளைகளின் பெயரையும் முகவரியையும் பெற்றோரின் கைப்பேசி எண்ணையும் படிவத்தில் தமிழிலேயே பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவுகள் ஒரு விரிதாளில் சேர்ந்து, அங்கிருந்து தானியங்கிப் பணியோட்டம் ஒன்றின் வழியாக வருகைப் பட்டியலாகவும் குறுஞ்செய்தியாகவும் மின்னஞ்சலாகவும் பிரிந்து செல்கின்றன. தாய் சொன்னபடி பதிவான பெயர், அந்தத் தாயின் கைப்பேசிக்குத் திரும்பிச் செல்லும்போது ஒரு புள்ளிகூடக் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் அக்கறை. இதே போன்ற பணியோட்டங்களை வடசென்னையில் நடத்திவரும் பிற குழுவினர் எங்களிடம் கேட்ட கேள்விகளும், நாங்கள் பட்டுத் தெரிந்துகொண்ட பதில்களும் கீழே உள்ளன.

தமிழ்ப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் கோடு போட்ட ஆங்கில ‘ஏ’ எழுத்தும் வட்டத்துக்குள் ‘ஆர்’ குறியும் திரும்பத் திரும்ப வருகின்றன. என்ன நடந்திருக்கிறது?

எழுத்து கெடவில்லை, அதைப் படித்த கருவி தவறான அட்டவணையைக் கொண்டு படித்திருக்கிறது. கணினி சேமித்து வைப்பது எழுத்துகளை அல்ல, எண்களை. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்ற உடன்படிக்கைக்குத்தான் குறியாக்கம் என்று பெயர். உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் எண் தரும் பொதுத் தரமான யூனிகோடில் தமிழுக்கு ஒதுக்கப்பட்டுள்ள முதன்மைத் தொகுதியின் ஒவ்வோர் குறியும் (எழுத்து, கால், கொம்பு, புள்ளி ஒவ்வொன்றும் தனிக் குறி), அந்த எண்களைக் கோப்பில் எழுதும் யூடிஎஃப்-8 முறையில் மூன்று பைட்டுகளாக, அதாவது 0 முதல் 255 வரையிலான மூன்று எண்களாகச் சேமிக்கப்படுகிறது. அவற்றில் முதல் பைட்டு எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவது மட்டுமே எழுத்துக்கு எழுத்து மாறும். ‘த’ என்பது 224, 174, 164 ஆகும்.

இந்தக் கோப்பை வாங்கிய அடுத்த கருவி, அது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 அட்டவணைப்படி எழுதப்பட்டது என்று எண்ணிக்கொண்டால், ஒவ்வொரு பைட்டையும் தனித்தனி எழுத்தாக வாசிக்கும். அந்த அட்டவணையில் 224 என்பது தலையில் சாய்கோடு கொண்ட சிறிய ‘ஏ’. 174 என்பது வட்டத்துக்குள் ‘ஆர்’. 175 என்பது மேலே நிற்கும் சிறு படுக்கைக்கோடு. எனவேதான் எந்தத் தமிழ்ச் சொல் சிதைந்தாலும் இந்தக் குறிகளே வரிசைகட்டி நிற்கின்றன.

இந்த ஒழுங்கைத் தெரிந்து வைத்திருந்தால், சிதைந்த நிலையிலேயே அது எந்த மொழி என்றும் சொல்லிவிடலாம். சாய்கோட்டு ‘ஏ’யை அடுத்து வெப்பநிலை எழுதும்போது போடும் டிகிரி வட்டம் அடிக்கடி வந்தால் அது தெலுங்கு, நான்கு முனையும் நீட்டிய சிறு வட்டம் போன்ற பொது நாணயக் குறி வந்தால் அது தேவநாகரி. தெலுங்கு பேசும் குடும்பங்களும், சௌகார்பேட்டைப் பக்கம் இந்தி பேசும் குடும்பங்களும் ஒரே பட்டியலில் இருக்கும் எங்கள் பகுதியில் இந்த அறிவு பலமுறை கைகொடுத்திருக்கிறது.

அப்படிச் சிதைந்த பட்டியலை மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும்; ஆனால் முதலில் அந்தக் கோப்பின் படி ஒன்றை எடுத்துத் தனியே வைத்துவிடுங்கள். இருக்கும் ஒரே பிரதியில் வைத்தியம் பார்க்கக் கூடாது. மீட்பு என்பது வந்த வழியே திரும்பிப் போவதுதான்: சிதைந்த உரையை விண்டோஸ்-1252 ஆகப் பைட்டுகளாக்கி, அந்தப் பைட்டுகளை யூடிஎஃப்-8 ஆகப் படிக்க வேண்டும். பைத்தான் நிரல்மொழியில் இது ஒரே வரி. சிறிய ‘ஏ’க்குப் பதிலாகத் தலையில் அலைக்கோடு போட்ட பெரிய ‘ஏ’யும் தொப்பி போட்ட பெரிய ‘ஏ’யும் கலந்து வந்தால், சிதைவு இரண்டு முறை நிகழ்ந்திருக்கிறது என்று பொருள், அப்போது திரும்பிப் போவதையும் இரண்டு முறை செய்ய வேண்டும்.

இதில் தமிழை வாட்டும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆங்கில வழிகாட்டிகளில் இதைத் தேடினால் கிடைப்பது அரிது. விண்டோஸ்-1252 அட்டவணையில் 129, 141, 143, 144, 157 ஆகிய ஐந்து இடங்கள் காலியாக உள்ளன. மெய்யெழுத்தின் புள்ளியினுடைய மூன்றாவது பைட்டு 141. உகரக் குறியினுடையது 129. ‘ஏ’ என்ற உயிரெழுத்துக்கு 143, ‘ஐ’ என்பதற்கு 144. அதாவது தமிழில் எங்கும் நிறைந்திருக்கும் புள்ளியும் உகரமும் காலி இடங்களிலேயே போய் விழுகின்றன. கண்டிப்பான கருவியாக இருந்தால் அந்த இடத்தில் பிழை காட்டி நின்றுவிடும். பைத்தானில் பதினறும எண்ணாக ‘8டி’ அல்லது ‘81’ என்ற பைட்டைப் படிக்க முடியவில்லை என்று செய்தி வந்தால், அது நமது புள்ளியோ உகரமோதான். இளகிய கருவியாக இருந்தால் அவற்றைக் கண்ணுக்குத் தெரியாத கட்டுப்பாட்டுக் குறிகளாக வைத்துக்கொள்ளும். அதற்கு அடுத்துவரும் படி ஒன்று ‘தேவையற்ற குறிகளை நீக்குகிறேன்’ என்று அவற்றைத் துடைத்தெறிந்துவிட்டால், மீட்பு அந்த இடத்தோடு நின்றுபோகும்.

‘ராயபுரம்’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பகரத்துக்குப் பின் ஒரு குறியும் மகரத்துக்குப் பின் ஒரு குறியும் தொலைந்திருக்கும். இரண்டிலும் எஞ்சியிருப்பது 224, 175 என்ற தலைப்பகுதி மட்டுமே. தொலைந்தது புள்ளியா உகரமா என்று எந்த நிரலாலும் அந்தப் பைட்டுகளிலிருந்து சொல்ல முடியாது. ‘ராயப்ரமு’ என்பதும் அதற்குச் சரியான விடையாகத்தான் தோன்றும். ஊர்ப் பெயரை நாம் அறிவோம், திருத்திவிடலாம். ஒரு பிள்ளையின் பெயரை ஊகித்துத் திருத்தும் உரிமை நமக்கு இல்லை. எங்கள் பட்டியல் ஒருமுறை இப்படிக் கெட்டபோது, ஐயத்துக்கு இடமான பெயர்களைத் தனியே அச்சிட்டு, தன்னார்வலர்கள் மீண்டும் வீடுகளுக்குச் சென்று கேட்டே திருத்தினார்கள்.

வெறும் கேள்விக்குறிகளாக வருகிறதே?

அந்தக் கோப்பில் தமிழ் இல்லை. தமிழே இல்லாத ஓர் அட்டவணையில் எழுதச் சொன்னபோது, கருவி ஒவ்வோர் குறிக்கும் பதிலாக ஒரு கேள்விக்குறியை உண்மையிலேயே எழுதிவிட்டது. திரும்பிப் போக வழியில்லை. மூலப் பதிவிலிருந்து மறுபடி எடுக்க வேண்டும். எக்செலில் யூடிஎஃப்-8 என்ற சொல் இல்லாத சாதாரண சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த உரைக் கோப்பு) வகையில் சேமிப்பதும், விண்டோஸுடன் வரும் பவர்ஷெல் என்ற கட்டளைக் கருவியின் 5.1 பதிப்பில் குறியாக்கத்தைக் குறிப்பிடாமல் ‘எக்ஸ்போர்ட்-சிஎஸ்வி’ கட்டளையை இயக்குவதும் இதற்கு வழக்கமான காரணங்கள். கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி வந்தால் நிலைமை வேறு: படித்த கருவி பைட்டுகளைப் புரிந்துகொள்ளவில்லை என்பதற்கான அடையாளம் அது. காட்சியில் மட்டும் அப்படித் தெரிந்தால் மூலக் கோப்பு நலமாக இருக்கலாம். அந்த அடையாளத்தோடேயே சேமித்துவிட்டிருந்தால் அதுவும் இழப்புதான்.

கட்டம் கட்டமாக வந்தால்?

குறியாக்கத்தில் குறையில்லை. அந்தக் கணினியிலோ, பிடிஎஃப் உருவாக்கும் சேவையகத்திலோ தமிழ் எழுத்துரு நிறுவப்படவில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற ஒன்றை நிறுவினால் போதும்.

விரிதாளில் சரியாக இருக்கும் சிஎஸ்வி கோப்பு, எக்செலில் திறந்தால் மட்டும் கெட்டுவிடுகிறது. ஏன்?

கூகுள் ஷீட்ஸ் தரும் சிஎஸ்வி கோப்பு யூடிஎஃப்-8 முறையில் இருக்கும். ஆனால் ‘நான் யூடிஎஃப்-8’ என்று சொல்லும் அடையாளம் எதுவும் அதன் தொடக்கத்தில் இருக்காது. இரட்டைச் சொடுக்கால் திறக்கும்போது விண்டோஸ் எக்செல் தன் கணினியின் இயல்பு அட்டவணையை எடுத்துக்கொள்கிறது; நம் ஊர்க் கணினிகளில் அது பெரும்பாலும் விண்டோஸ்-1252தான். கணினியின் இயல்பு அட்டவணையாக வைத்துக்கொள்ளக்கூடிய பழைய ஒற்றைப் பைட்டு அட்டவணை தமிழுக்கென்று விண்டோஸில் இருந்ததே இல்லை என்பதால், கணினியின் வட்டார மொழியைத் தமிழாக மாற்றினாலும் இது தீராது. தரவுப் பட்டியிலிருந்து உரைக் கோப்பை இறக்குமதி செய்து, 65001 என்ற யூடிஎஃப்-8 அட்டவணையைத் தேர்ந்தெடுப்பது ஒரு வழி.

இன்னொரு வழி, கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்ற மூன்று பைட்டுகளைச் சேர்ப்பது. இதற்கு பைட்டு வரிசைக் குறி என்று பெயர். பலரும் ‘பாம்’ என்று சுருக்கமாகச் சொல்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் பணியோட்டக் கருவியான பவர் ஆட்டோமேட் உருவாக்கும் சிஎஸ்வி அட்டவணையில் இந்தக் குறி இருக்காது என்பதால், கோப்பாகச் சேமிக்கும் படிக்கு முன் அதை நாமே ஒட்ட வேண்டியிருக்கிறது.

ஆனால் ஓரிடத்து மருந்து மறுஇடத்தில் நோயாகும். எக்செலுக்காகச் சேர்த்த அந்தக் குறியோடு கோப்பு மறுபடி பணியோட்டத்துக்குள் வந்தால், முதல் நெடுவரிசையின் தலைப்பு ‘பெயர்’ என்று தெரிந்தாலும், உண்மையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குறியும் ‘பெயர்’ என்ற சொல்லும் சேர்ந்ததாக இருக்கும். ‘பெயர் என்ற நெடுவரிசையே இல்லை’ என்று பணியோட்டம் சொல்லும். மற்ற நெடுவரிசைகள் எல்லாம் கிடைக்கும். முதல் நெடுவரிசை மட்டும் காணாமற்போனால் ஐயப்பட வேண்டியது இதைத்தான். பைத்தானில் படிக்கும்போது குறியாக்கத்தை யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால், குறி இருந்தால் நீக்கிவிடும், இல்லாவிட்டாலும் தடையின்றிப் படிக்கும். மனிதர் திறப்பதற்கான கோப்பில் குறி இருக்கட்டும், கருவி படிப்பதற்கான கோப்பில் வேண்டாம் என்று நாங்கள் பிரித்து வைத்துக்கொண்டோம்.

இரண்டு பட்டியல்களிலும் ‘கொருக்குப்பேட்டை’ என்றே இருக்கிறது. ஆனாலும் பொருந்தவில்லை என்று பணியோட்டம் சொல்கிறது. பார்வையில் வேறுபாடே இல்லையே?

பார்வையில் வேறுபாடு இராது, எண்களில் இருக்கும். ‘கொ’ என்பதில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக் கொம்பும் ஆகாரக் காலுமாக இரண்டு குறிகளாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. முதல் வழியில் எழுதினால் ‘கொருக்குப்பேட்டை’ 16 குறிகள். இரண்டாவது வழியில் 17. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதுவே நிலை. எந்த விசைப்பலகைச் செயலியில் தட்டச்சு செய்யப்பட்டது, எந்தக் கோப்பிலிருந்து ஒட்டப்பட்டது என்பதைப் பொறுத்து வடிவம் மாறிவிடுகிறது.

இதற்குத் தீர்வு, ஒப்பிடுவதற்கு முன் இருபக்கமும் ஒரே சீர்வடிவத்துக்கு மாற்றுவது. யூனிகோடு வரையறுத்துள்ள என்எஃப்சி என்ற வடிவம் பிரிந்திருப்பதைச் சேர்த்துவிடும். ஜாவாஸ்கிரிப்டில் ‘நார்மலைஸ்’ என்ற செயற்பாடும், பைத்தானில் யூனிகோடுடேட்டா என்ற தொகுப்பும் இதற்காகவே இருக்கின்றன. படிவத்திலிருந்து பதிவு உள்ளே வரும் வாசலிலேயே இதைச் செய்துவிடுவது நல்லது. நடுவழியில் செய்தால் பாதிப் பட்டியல் ஒருவிதமாகவும் மீதி வேறுவிதமாகவும் தங்கிவிடும்.

சீர்வடிவத்துக்கும் வசப்படாத வேறுபாடுகள் சில உண்டு. ‘ஸ்ரீ’ என்பதை ‘ஸ’வில் தொடங்கியும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ‘ஶ’வில் தொடங்கியும் எழுதலாம். பல எழுத்துருக்கள் இரண்டையும் ஒரே உருவாகக் காட்டுகின்றன. யூனிகோடு அவற்றை வெவ்வேறாகவே கருதுகிறது. ‘ஸ்ரீ’யில் தொடங்கும் பெயர்கள் நிறைய இருப்பதால், இதற்குத் தனியாக ஒரு மாற்று விதி எழுதிக்கொள்ள வேண்டும். ஔகாரத்துக்குரிய குறியை விட்டுவிட்டு எகரக் கொம்பும் ‘ள’ என்ற எழுத்தும் தட்டச்சு செய்திருப்பதும் அடிக்கடி காணக்கிடைக்கிறது. இதை நிரலுக்கு விட்டுவிடாமல் மனிதரே பார்த்துத் திருத்துவது பாதுகாப்பானது.

‘பின்சாய்வுக்கோடு, யூ, நான்கு இலக்கம்’ என்ற வடிவிலோ, புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகவோ தமிழ் வருகிறது. இதுவும் சிதைவா?

இல்லை. இது மடித்துக் கட்டிய துணி, பிரித்தால் போதும். கருவிகள் தமக்குள் தரவைப் பரிமாறிக்கொள்ளும் ஜேசன் வடிவில் ‘த’ என்ற எழுத்தைப் பின்சாய்வுக்கோடு, யூ, 0பிஏ4 என்று எழுதுவது முழுக்கச் செல்லும். பைத்தான் இயல்பாகவே அப்படித்தான் எழுதும். ஜேசனை ஜேசனாகப் படிக்கும் கருவிக்கு இரண்டும் ஒன்றே. அதை வெறும் உரையாக எடுத்துக் குறுஞ்செய்திக்குள் ஒட்டும்போதுதான் பெற்றோர் அந்த இலக்கங்களைப் பார்க்க நேர்கிறது. இணைய முகவரிகளில் சதவீதக் குறிகளாக வருவதும், மின்னஞ்சல் தலைப்பில் சமக்குறியும் கேள்விக்குறியுமாக வருவதும் இதே இனம்.

மின்னஞ்சலில் பயன்படும் பேஸ்64 முறையைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். அது மூன்று பைட்டுகளை நான்கு எழுத்துகளாக மாற்றுகிறது. தமிழின் ஒவ்வோர் குறியும் சரியாக மூன்று பைட்டு. எனவே இடைவெளி இல்லாத தமிழ்ச் சொல், நான்கு நான்கு எழுத்துகளாக அழகாகப் பிரியும். ஒவ்வொரு நான்கும் ‘4, கே, 6’ என்றோ ‘4, கே, கூட்டல் குறி’ என்றோ தொடங்கும். இதைக் கண்டால் உள்ளே தமிழ் பத்திரமாக இருக்கிறது என்று மகிழலாம். ஆனால் இதை அப்படியே இணைய முகவரியின் பகுதியாக அனுப்பினால், படிவ விதிப்படி கூட்டல் குறி இடைவெளியாக மாறிவிடும். புள்ளி, உகரம், எகரம், ஏகாரம், ஐகாரம், ஒகரம் முதலிய குறிகள் எல்லாம் கூட்டல் குறி உடையவை. ஆகாரக் காலும் இகரக் கொக்கியும் ‘6’ உடையவை. அதனால் ‘மாலா’ என்ற பெயர் தப்பித்துவிடும், ‘முருகன்’ தப்பாது. சில பெயர்கள் மட்டும் கெடுவதைப் பார்த்துவிட்டு, தட்டச்சு செய்த தன்னார்வலர்மீது பழி போட்டுவிடாதீர்கள்.

அச்சகத்திலிருந்து வாங்கிய பழைய கோப்பில், எழுத்துருவை மாற்றியதும் தமிழ் முழுவதும் ஆங்கில எழுத்தாகிவிட்டது. ஏன்?

அது தொடக்கத்திலிருந்தே ஆங்கில எழுத்துதான். ஆண்டர்சன் தெருவைச் சுற்றியுள்ள அச்சகங்களிலும் டிடிபி கடைகளிலும் பாமினி, வானவில் போன்ற எழுத்துருக்களில் செய்த வேலை இன்றும் ஏராளமாக இருக்கிறது. பாமினியில் ‘தமிழ்’ என்று எழுத ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தட்டச்சு செய்ய வேண்டும். கோப்பில் சேமிக்கப்படுவதும் அவையே. குறியாக்கச் சோதனை எதுவும் இதைப் பிழை என்று கண்டுபிடிக்காது, ஏனெனில் அது செல்லுபடியாகும் ஆங்கில உரை. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற குறியாக்கங்களையும், 2010-இல் யூனிகோடையும் டேஸ்16 முறையையும் தரமாக ஏற்றது. அச்சுலகம் தன் பழைய கோப்புகளைத் தன் வழியிலேயே வைத்துக்கொண்டது. எந்த எழுத்துருவில் செய்தது என்று கடைக்காரரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அது தெரிந்தால் மாற்றி நிரல்கள் சில நொடிகளில் யூனிகோடாக்கிவிடும். நடுவே வரும் ஆங்கிலச் சொற்களையும் அவை தமிழென்று எண்ணி மாற்றிவிடும் என்பதால், மாற்றியபின் ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்க் குறுஞ்செய்திக்குக் கட்டணம் ஏன் கூடுகிறது? பெயர் ஏன் பாதியில் நிற்கிறது?

ஆங்கிலக் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். ஒரே ஒரு தமிழ்க் குறி நுழைந்தாலும் செய்தி முழுவதும் வேறு குறியாக்கத்துக்கு மாறி, அளவு 70 ஆகக் குறையும். நீண்டு பல துண்டுகளானால் துண்டுக்கு 67. இந்த 70 என்பது நாம் எண்ணும் எழுத்துகள் அல்ல, யூனிகோடு குறிகள். ‘அன்பார்ந்த பெற்றோருக்கு’ என்பது நமக்கு 12 எழுத்தும் ஓர் இடைவெளியும், குறியாக்கத்துக்கு 23. மூன்றில் ஒரு பங்கு அதற்கே போய்விடுகிறது. ‘வணக்கம்’ என்பதற்கு 7 போதும். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018 விதிமுறைப்படி வாசகத்தின் வடிவத்தை முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டியிருப்பதால், அந்த வாசகத்தையும் சீர்வடிவத்துக்கு மாற்றிய பிறகே பதிவு செய்யுங்கள்.

பெயர் பாதியில் நிற்பதற்குக் காரணம், நடுவில் உள்ள ஏதோ ஒரு கருவி பைட்டுகளை எண்ணி வெட்டுவது. நாங்கள் பயன்படுத்திய ஒரு சேவையில் முகவரிப் புலத்துக்கு 20 பைட்டு என்று எல்லை இருந்தது. ‘தண்டையார்பேட்டை’க்கு 45 பைட்டு வேண்டும். ‘தண்டைய’ வரை வந்து, யகரத்துக்கு அடுத்த காலின் இரண்டு பைட்டுகளோடு அறுந்து, இறுதியில் ஒரு கறுப்பு வைரம் நின்றது. வெட்டியே ஆக வேண்டும் என்றால் முழு எழுத்தின் எல்லையில் வெட்ட வேண்டும். ஜாவாஸ்கிரிப்டில் இதற்கு ‘இன்ட்ல் செக்மென்டர்’ உள்ளது.

தரவுத்தளத்தில் ‘யூடிஎஃப்8’ என்று வைத்தால் போதுமா?

மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் அந்தப் பெயர் மூன்று பைட்டு வரைதான் ஏற்கும். அன்றாடத் தமிழ் அதற்குள் அடங்கும். எமோஜியும், 2019-இல் யூனிகோடில் சேர்ந்த பழந்தமிழ்ப் பின்ன எண்களும் அடங்காது. ‘யூடிஎஃப்8எம்பி4’ என்பதையே தேர்ந்தெடுங்கள்.

இவ்வளவு தொல்லைக்குப் பெயர்களை ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாமே?

நாங்கள் அதைச் செய்ய மறுத்துவிட்டோம். ஆங்கிலத்தில் எழுதிய பெயரிலிருந்து லகரமா ளகரமா, நகரமா னகரமா, குறிலா நெடிலா என்று திரும்பப் பெற முடியாது. அதுவும் கேள்விக்குறியைப் போல மீளாத இழப்புதான், கண்ணுக்கு உறுத்தாத இழப்பு என்பதே வேறுபாடு. மேலும், எங்கள் பெற்றோரில் பலர் தமிழ் மட்டுமே படிப்பவர்கள்.

பணியோட்டத்தில் பத்துப் படிகள் இருக்கின்றன. எந்தப் படியில் கெடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முடிவிலிருந்து பின்னோக்கித் தேடாமல், தெரிந்த ஒரு வரியைத் தொடக்கத்தில் விட்டு, அது கைமாறும் ஒவ்வோர் இடத்திலும் என்னவாகிறது என்று பாருங்கள். எங்கள் சோதனை வரி: ‘ஐயம்மாள் ஏழுமலை, கொருக்குப்பேட்டை, ₹50’. காலி இடங்களில் விழும் ஐ, ஏ, புள்ளி, உகரம் ஆகிய நான்கும் இதில் உள்ளன. பிரியக்கூடிய ஒகரம் உள்ளது. ரூபாய்க் குறியும் உள்ளது. ஒவ்வொரு படியிலும் திரையில் தெரிவதை நம்பாமல், அந்த வரியின் குறி எண்ணிக்கையையும் பைட்டு எண்ணிக்கையையும் பதிவேட்டில் எழுதச் செய்யுங்கள். பைட்டு எண்ணிக்கை ஏறத்தாழ இரு மடங்கானால் அந்தப் படியில் தவறான அட்டவணை நுழைந்துவிட்டது; குறி எண்ணிக்கை ஒன்று கூடினால் ஒகரம் பிரிந்துவிட்டது அல்லது பைட்டு வரிசைக் குறி ஒட்டிக்கொண்டது; பைட்டுகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைந்து, குறிகள் மட்டும் மாறாதிருந்தால் அவை கேள்விக்குறிகளாகிவிட்டன.

கெடும் படியைக் கண்டதும், அதற்குள் வரும் குறியாக்கம் எது, வெளியே போகும் குறியாக்கம் எது என்று இரண்டையும் வெளிப்படையாக எழுதிவையுங்கள். கருவியின் இயல்பு நிலைக்கு விடாதீர்கள். வலைச்சேவைக்கு அனுப்பும்போது உள்ளடக்க வகையோடு எழுத்துத் தொகுதி யூடிஎஃப்-8 என்பதையும் சேர்த்தே அனுப்ப வேண்டும். உள்ளடக்க நீளத்தைக் கையால் கணக்கிடுவதாக இருந்தால், எழுத்துகளை எண்ணாமல் பைட்டுகளை எண்ண வேண்டும்.

எங்கள் பணியோட்டத்தில் இந்தச் சோதனை வரி ஒவ்வொரு சனிக்கிழமையும் முதல் பதிவாகச் செல்கிறது. கொருக்குப்பேட்டைத் தன்னார்வலர் ஒருவரின் கைப்பேசிக்கு அது போய்ச் சேர்ந்து, அவர் வாய்விட்டுப் படித்துப் பார்த்துச் ‘சரி’ என்று பதில் அனுப்பிய பிறகே மற்றச் செய்திகள் வெளியே செல்லும்படி அமைத்திருக்கிறோம்.